முற்றத்துப் புல்லும் முற்றத்துக் கீரையும்: ஒரு வரலாற்றுப் பார்வை



நெய்வேலி நகரியத்தின் வட்டங்களிலும், குறிஞ்சிப்பாடி, வடலூர் பகுதிகளில் புதிதாக எழுந்துவரும் நகர்களிலும் வீட்டின் முன்னால் கொஞ்சம் வெற்றிடம் விட்டுக் கட்டுவது இன்று வழக்கமாகியிருக்கிறது. அந்த இடத்தில் கொரியன் புல்லைப் பதித்து, நாள்தோறும் நீர் தெளித்து, மாதந்தோறும் ஆள் வைத்து வெட்டிப் பராமரிப்பது ஒரு கௌரவமாகக் கருதப்படுகிறது. அதே இடத்தில் கீரையும் கத்தரியும் போடலாமே என்று யாரேனும் சொன்னால், உடனே மூன்று மறுப்புகள் எழுகின்றன. வீட்டின் முகப்பு அழகாக இருக்க வேண்டும், காய்கறி போட்டால் கொல்லைப்புறம் போல ஆகிவிடும் என்பது முதல் மறுப்பு. காய்கறிதான் கடையில் கிடைக்கிறதே என்பது இரண்டாவது. குவார்ட்டர்ஸ் நமக்குச் சொந்தமில்லை, பணி ஓய்வு பெற்றதும் காலி செய்யப் போகிறோம், யாருக்காக நட வேண்டும் என்பது மூன்றாவது.

மூன்றுமே நியாயமான கேள்விகளே. அவற்றுக்கு வரலாறு என்ன விடை தருகிறது என்று இக்கட்டுரையில் பார்ப்போம்.

நாம் குடியிருக்கும் மண்

முதலில் நம் காலடியில் உள்ள மண்ணின் கதை. குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, விருத்தாசலம் வட்டாரம் செம்மண் மேட்டு நிலம். நஞ்சைக்கு உதவாத இம்மண்ணில் நம் மக்கள் பலாவையும் முந்திரியையும் மல்லாட்டையையும் கம்பையும் விளைவித்தார்கள். இவற்றுள் முந்திரி பிரேசில் நாட்டிலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்தது. மல்லாட்டையும் தென்னமெரிக்கப் பயிரே. மணிலாக்கொட்டை என்னும் அதன் மற்றொரு பெயரே அது கடல் கடந்து வந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. எங்கிருந்தோ வந்த பயிர்களுக்கும் இடம் கொடுத்து, அவற்றைத் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்ட மண் இது. நம் வட்டாரத்தில் வீட்டின் பின்புறத்தையும் கொல்லை என்கிறோம். ஊருக்கு வெளியே உள்ள புன்செய் நிலத்தையும் முந்திரிக் கொல்லை, மல்லாட்டைக் கொல்லை என்கிறோம். வீட்டையும் வயலையும் ஒரே சொல்லால் இணைத்த ஊர் நம்முடையது.

இம்மண் பசியையும் அறியும். 1867இல் வடலூரில் இராமலிங்க அடிகளார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பை ஏற்றினார். அதற்கு இடம் தந்தவர்கள் அவ்வூர் விவசாயிகள். அதன்பின் பத்தாண்டுகளுக்குள், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தையே உலுக்கிய பெரும்பஞ்சம் வந்தது. பசி என்பது நம் தாத்தாக்களின் தாத்தாக்களுக்குப் புத்தகத்தில் படித்த செய்தியாக இருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முப்பதுகளில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காக ஆழ்துளை போட்டபோது கரிய பொருள் வெளிவந்தது. பழுப்பு நிலக்கரி என்று அது கண்டறியப்பட்டு, ஆய்வுகள் தொடர்ந்து, 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. மறு ஆண்டே மின்சாரம் உற்பத்தியானது. தமிழகத்துக்கும் அண்டை மாநிலங்களுக்கும் ஒளி தந்த பெருமை இவ்வூருக்கு உண்டு. அதே வேளையில், இத்தனையும் யாருடைய நிலத்தின் மீது நடந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. சுரங்கமும் அனல்மின் நிலையமும் நகரியமும் எழுந்த இடங்களில் முன்பு சிற்றூர்களும் பலாத் தோப்புகளும் முந்திரிக் கொல்லைகளும் இருந்தன. ஆகவே இன்று நகரியத்தில் ஒரு வீட்டின் முன் விரிந்திருக்கும் புல்தரை, ஒரு காலத்தில் யாரோ ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்ட நிலமாக இருந்திருக்கலாம்.

புல்வெளி எங்கிருந்து வந்தது?

நம் பழைய வீட்டமைப்பில் புல்வெளிக்கு இடமில்லை. முன்னால் திண்ணையும் வாசலும்; வாசலில் நெல் காயும், மிளகாய் காயும், வடகம் காயும். நடுவில் முற்றம். பின்னால் கிணறும் கொல்லையும். கொல்லையில் முருங்கை, வாழை, கறிவேப்பிலை, அவரைப் பந்தல். வெறும் புல்லை நீரூற்றி வளர்த்து, அதை மாடும் மேயாமல் காவல் காப்பது நம் முன்னோருக்குப் புரியாத செயலாகவே இருந்திருக்கும்.

புல்வெளி மழை மிகுந்த, வெயில் குறைந்த இங்கிலாந்தில் பிறந்தது. அங்கே 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பெருநிலக்கிழார்கள் தம் மாளிகையைச் சுற்றிப் பரந்த புல்தரை அமைத்தனர். அரிவாளால் அதைச் சீராக வெட்ட எத்தனையோ கூலியாட்கள் வேண்டும். எனவே அந்தப் புல்தரை ஓர் அறிவிப்பாக இருந்தது: இந்த நிலத்திலிருந்து ஒரு பிடி தானியமும் எனக்குத் தேவையில்லை, ஆனாலும் அதைப் பராமரிக்க எனக்கு வசதியிருக்கிறது. 1830இல் எட்வின் பட்டிங் என்பவர் புல்வெட்டும் எந்திரத்தைக் கண்டுபிடித்த பிறகு நடுத்தர மக்களும் சிறு புல்தரை வைத்துக்கொள்ள முடிந்தது. பெரியவர்களின் பெருமையைச் சிறியவர்கள் சிறிய அளவில் பின்பற்றினர்.

ஆங்கிலேயர் நம் நாட்டில் படைக்குடியிருப்புகளையும் பங்களாக்களையும் கட்டியபோது அந்தப் பழக்கத்தையும் உடன் கொண்டுவந்தனர். நிலத்தின் நடுவில் வீடு, சுற்றிலும் காம்பவுண்டு, முன்னால் புல்வெளி. ரயில்வே காலனிகளும் மலைத்தோட்டத் துரைமார் வீடுகளும் அதே அச்சில் வார்க்கப்பட்டன. விடுதலைக்குப் பிறகு எழுந்த பொதுத்துறை நகரியங்களிலும் அந்த அச்சின் சாயல் தொடர்ந்தது. வீடு நிலத்தின் நடுவுக்கு வந்தபோது கொல்லை சுருங்கியது, முன்பக்கம் விரிந்தது. விரிந்த இடத்துக்கு என்ன செய்வது என்று நம் மரபில் விடையில்லாததால், இரவல் விடையான புல்லை நட்டோம்.

அழகும் கனியும் பிரியாத தோட்டங்கள்

உண்ணத்தக்கது அழகாக இராது என்பது முதல் மறுப்பின் உட்கிடை. முஸ்லிம்களின் தோட்ட வரலாறு இதற்கு நேர்மாறான சான்றுகளைத் தருகிறது.

மதீனாவில் நபித்தோழர் அபூதல்ஹா (ரலி) அவர்களுக்குப் பைருஹா என்றொரு பேரீச்சந் தோட்டம் இருந்தது. அது மஸ்ஜிதுந் நபவிக்கு எதிரிலேயே இருந்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் அதனுள் சென்று அதன் இனிய நீரை அருந்துவது வழக்கம். நேசிக்கும் பொருளிலிருந்து செலவு செய்யாதவரை நன்மையை அடைய முடியாது என்னும் கருத்துள்ள வசனம் அருளப்பட்டபோது, தமக்கு மிகவும் பிரியமான அத்தோட்டத்தை அபூதல்ஹா (ரலி) அல்லாஹ்வுக்காக வழங்கிவிட்டார்கள். அண்ணலாரின் ஆலோசனைப்படி அது அவர்களுடைய உறவினர்களுக்குப் பங்கிடப்பட்டது. ஊரின் மையத்தில், பள்ளிவாசலின் எதிரில், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருந்தது கனி தரும் தோட்டம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தலூஸில் இது ஒரு மார்க்கச் சட்ட விவாதமாகவே எழுந்தது. குர்துபா பெரிய பள்ளிவாசலின் முற்றத்தில் மரம் நடலாமா என்ற கேள்விக்கு, இமாம் அவ்ஸாயீ அவர்களின் வழியைப் பின்பற்றிய ஸஅஸஆ இப்னு ஸல்லாம் ஆகும் என்று தீர்ப்பளித்தார். மாலிக்கி மத்ஹபினர் அதை விரும்பவில்லை. ஆயினும் மரங்கள் நிலைத்தன. இன்றும் அந்த முற்றம் ஆரஞ்சு மர முற்றம் என்றே அழைக்கப்படுகிறது. அதே மண்ணில்தான் 11ஆம் நூற்றாண்டில் இப்னு பஸ்ஸாலும், 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் இஷ்பீலியாவின் இப்னுல் அவ்வாமும் மண்வகை, உரம், ஒட்டுக்கட்டுதல், பாசனம் ஆகியவை குறித்துப் பெருநூல்கள் எழுதினர்.

நம் நாட்டுக்கு வருவோம். ஆக்ராவில் தாம் அமைத்த தோட்டத்தில் முலாம்பழமும் திராட்சையும் விளைந்ததைக் கண்டு பாபர் அடைந்த மகிழ்ச்சி அவருடைய நினைவுக் குறிப்புகளில் பதிவாகியுள்ளது. தாஜ்மஹாலின் முன்னால் இன்று நாம் காணும் அகன்ற புல்வெளி ஷாஜஹான் போட்டதன்று. முகலாயர் காலத்தில் அங்கே கனிமரங்களும் பூஞ்செடிகளும் அடர்ந்திருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைஸ்ராய் கர்சனின் சீரமைப்புக்குப் பின்னரே ஆங்கிலப் பாணிப் புல்வெளி அந்த இடத்தைப் பிடித்தது. டெல்லியில் ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்தின் கதை வேறு. பேரரசு தளர்ந்து பராமரிக்கப் பொருளில்லாத நிலையில், 19ஆம் நூற்றாண்டில் அங்கே முட்டைக்கோசும் புகையிலையும் பயிரிட்டனர். அரசர்களின் தோட்டமே பசி வந்தால் வயலாகும் என்பதற்கு அது சாட்சி.

ஆக, புல்வெளியே முகப்புக்கு அழகு என்பது தாஜ்மஹாலின் வரலாற்றிலேயே நூற்றுச் சில்லறை ஆண்டுகள் பழமையுள்ள கருத்துதான்.

பசி வந்தபோது புல்வெளிக்கு ஏர் வந்தது

கடையில் கிடைக்கிறதே என்ற இரண்டாவது மறுப்புக்கு விடை இன்னும் அண்மைக்கால வரலாற்றில் உள்ளது.

1942இல் பர்மா ஜப்பானியர் வசம் வீழ்ந்தது. அதுவரை பர்மா அரிசியை நம்பியிருந்த நம் நாட்டின் பல பகுதிகளில் கடைகள் வெறிச்சோடின. 1943இல் வங்காளப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அதிக உணவு விளைவிப்போம் என்ற இயக்கம் அக்காலத்தில்தான் தொடங்கியது. நம் வீட்டு முதியோர் இன்றும் ரேஷன் என்னும் சொல்லை உச்சரிக்கும் விதத்தில் அந்தக் காலத்தின் நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

விடுதலைக்குப் பிறகும் தட்டுப்பாடு தீரவில்லை. 1948 ஜூனில் இராஜாஜி இந்தியாவின் தலைமை ஆளுநராகப் பொறுப்பேற்று, வைஸ்ராய்கள் வாழ்ந்த டெல்லி மாளிகையில் குடியேறினார். உணவுத் தட்டுப்பாடு நிலவிய அந்நாளில், அம்மாளிகை நிலத்தின் ஒரு பகுதியை உணவுத் தானியத்துக்கென ஒதுக்கி, தாமே ஏர்பிடித்து உழுதார். பேரரசின் ஆடம்பரத்தைக் காட்டுவதற்கென்றே அமைக்கப்பட்ட மாளிகையில், சேலம் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்த ஒரு தமிழர் உழவனாக நின்றார். அந்த இடத்தில் இன்றும் குடியரசுத் தலைவர் மாளிகைக்குக் காய்கறியும் கனியும் தரும் தோட்டம் இருக்கிறது. டாலிகானா என்பது அதன் பெயர்.

1965இல் மழை பொய்த்தது, போரும் வந்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு காத்திருந்தது. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளை உணவை விட்டுவிடுமாறு மக்களை வேண்டினார். அதைத் தம் குடும்பத்திலிருந்தே தொடங்கினார். தம் அரசு இல்லத்தின் புல்வெளியையும் உழுது பயிரிட்டார். அவருடைய அமைச்சரவையில் உணவுத் துறையைக் கவனித்தவர் பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம். புதிய மெக்சிகோ கோதுமை ரகங்கள் நம் மண்ணில் விளையுமா என்று பலர் ஐயுற்றபோது, அவர் தம் அமைச்சர் பங்களாவின் புல்வெளியிலேயே அவற்றை விதைத்துக் காட்டினார். 1966இல் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதை இறக்குமதியானது. பசுமைப் புரட்சியின் நன்மை தீமைகளை இங்கே ஆராயப் புகவில்லை. நாட்டின் உணவுக் கொள்கைக்கான வாதம் ஒரு வீட்டு முற்றத்தில் நிகழ்த்தப்பட்டது என்பதே நாம் குறிப்பிட விரும்புவது.

வெளிநாடுகளிலும் இதுவே நிகழ்ந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் அரசு மக்களை வீட்டுத் தோட்டத்தையும் பூங்காவையும் கொத்திக் காய்கறி போடச் சொன்னது. புல்வெளியைக் கண்டுபிடித்த நாட்டிலேயே லண்டன் கோட்டையின் அகழியில் காய்கறிப் பாத்திகள் எழுந்தன. 1943இல் அமெரிக்காவில் சுமார் 2 கோடி வீட்டுத் தோட்டங்கள் இருந்தன. எலினார் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகை நிலத்திலேயே காய்கறித் தோட்டம் போடச் செய்தார்.

ஆனால் இவ்வரலாற்றில் இன்னொரு பாதியும் உண்டு. போர் முடிந்து கடைகள் நிரம்பியதும், அந்தத் தோட்டங்களில் பெரும்பாலானவை மீண்டும் புல்வெளியாகிவிட்டன. வெள்ளை மாளிகையில் அத்தகைய பெரிய காய்கறித் தோட்டம் மறுபடி எழ 2009ஆம் ஆண்டு வரை, மிஷெல் ஒபாமா மண்வெட்டி எடுக்கும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அச்சத்தால் போட்ட தோட்டம் அச்சம் நீங்கியதும் மறைகிறது. பழக்கமாகிப் போன தோட்டம் மட்டுமே நிலைக்கிறது. நம் பாட்டிமார்களின் கொல்லை எந்த அரசாணைக்கும் காத்திருந்ததில்லை; பஞ்சத்திலும் செழிப்பிலும் முருங்கை காய்த்துக்கொண்டே இருந்தது. 2020 ஊரடங்கின் முதல் வாரங்களில் கடைகள் அடைபட்டிருந்தபோது, கொல்லையில் கீரையும் முருங்கையும் இருந்த வீடுகளுக்கும் இல்லாத வீடுகளுக்கும் இருந்த வேறுபாட்டை நாம் அனைவருமே கண்ணாரக் கண்டோம். கடை இருக்கும்போதே தோட்டம் போடுவதுதான் அறிவுடைமை; கடை அடைபட்ட பிறகு விதைத்தால், கீரைக்குக்கூட மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

சொந்தமில்லாத மண்ணில் யாருக்காக நடுவது?

இனி மூன்றாவது மறுப்பு. நெய்வேலியில் இதுவே மிக ஆழமானது. பணிக்கு வந்தவர் முப்பது ஆண்டு குவார்ட்டர்ஸில் வாழ்கிறார். ஓய்வு பெற்றதும் சாவியை ஒப்படைத்துவிட்டு வடலூரிலோ குறிஞ்சிப்பாடியிலோ சொந்த ஊரிலோ குடியேறுகிறார். ஒரு பலாக்கன்று காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அது முழுமரமாகும்போது நட்டவர் அங்கே இருப்பாரா?

நகரியத்தின் பழைய வட்டங்களில் நடந்து பாருங்கள். மதில்களுக்கு மேல் மாவும் பலாவும் தென்னையும் முருங்கையும் தலைகாட்டுகின்றன. இன்று அவற்றின் கனியை உண்பவர்களில் பலர் அவற்றை நட்டவர்கள் அல்லர். முன்பு அவ்வீட்டில் இருந்தவர் நட்டார், அவர் போய்விட்டார், பின்பு வந்தவர் நீரூற்றினார், அவரும் போய்விட்டார், இப்போது வந்தவர் உண்கிறார். பெயர் தெரியாத ஒருவரின் தர்மம் ஒவ்வோர் ஆண்டும் சித்திரை வைகாசியில் பழுத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு முஸ்லிம் மரம் நட்டாலோ பயிரிட்டாலோ, அதிலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்பது அவருக்கு ஸதகாவாக எழுதப்படும் என்ற நபிமொழியைப் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். நிலம் நட்டவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்றோ, உண்பவர் அவருடைய வாரிசாக இருக்க வேண்டும் என்றோ அதில் நிபந்தனை இல்லை. மறுமை நாள் வந்துவிட்டாலும் கையில் ஒரு கன்றிருந்து அதை நட முடியுமானால் நட்டுவிட வேண்டும் என்னும் பொருளில் வரும் அறிவிப்பை மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லித் தருகிறோம். உலகமே முடியும் நாளில் நடச் சொன்ன மார்க்கத்துக்கு, பணி ஓய்வு ஒரு தடையாகுமா?

இன்னொன்றும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக நின்ற பலாவும் முந்திரியும் ஒரே நாளில் சாய்ந்தன. அறுபது, எழுபது வயதைக் கடந்த உழவர்களும் மறுபடி கன்று நட்டார்கள். அவர்களும் யாருக்காக என்று கேட்டிருந்தால் இன்று நமக்குப் பலாச்சுளை கிடைத்திருக்காது.

2023 ஜூலையில் வளையமாதேவிப் பகுதியில் நடந்ததும் நம் நினைவில் இருக்க வேண்டும். சுரங்க விரிவாக்கத்தை ஒட்டிய பரவனாற்று மாற்றுக் கால்வாய்ப் பணிக்காக, நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். பயிரை அறுக்கும் வரையாவது பொறுத்திருக்கலாகாதா என்றனர் உழவர்கள். வழக்கு உயர் நீதிமன்றம் சென்று, பயிருக்கு இழப்பீடு வழங்க உத்தரவாயிற்று. அந்த வழக்கில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கதிர் நிற்கும் வயலின் மதிப்பை ஊரே உணர்ந்து வருந்திய நாட்கள் அவை. அப்படி வருந்திய நாம், நம் வீட்டு முன்னால் உள்ள மண்ணை வெறும் புல்லுக்கு விட்டுவைப்பது பொருந்துமா? நிலத்தை இழந்தவர்களின் இழப்பை நம் நான்கு பாத்திகள் ஈடுசெய்யா. ஆயினும் உணவு தந்த மண்ணை உணவு தரும் மண்ணாகவே வைத்திருப்பது, அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய சிறு மரியாதை.

நீரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் துளையிட்டால் தானே பொங்கி வழிந்த ஊற்று நீர் இவ்வட்டாரத்தில் இருந்தது. சுரங்கத்தில், நிலக்கரிப் படுகைக்கு அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்தும் நீரைக் குறைக்க இரவும் பகலும் இறைத்தாக வேண்டியிருக்கிறது. அத்தகைய ஊரில், எவரும் உண்ணாத புல்லுக்கு ஊற்றும் ஒவ்வொரு குடமும் கணக்குக் கேட்கப்படக்கூடியதே.

புல்தரையை மாற்றும் முறை

வரலாற்றோடு நிறுத்திவிடாமல், செய்ய விரும்புவோருக்குச் சில குறிப்புகள்.

குவார்ட்டர்ஸ் ஓர் அமானத். நிற்கும் மரத்தை வெட்டுவதோ மதில், நடைபாதை, குழாய் ஆகியவற்றை மாற்றுவதோ அனுமதியின்றிக் கூடாது. பாத்தி கட்டுவதற்கும் விதி இருக்குமானால் அதைக் கேட்டறிந்தே தொடங்க வேண்டும்.

முழுப் புல்தரையையும் ஒரே நாளில் கொத்த வேண்டாம். பத்தடிக்கு நாலடி அளவில் ஒரு பாத்தி போதும். புல்லை வேரோடு செதுக்கி எடுக்க வேண்டும். அருகம்புல்லாக இருந்தால் மண்ணுக்கடியில் ஓடும் தண்டுகளையும் பொறுக்கி எடுக்காவிட்டால் ஒரே மழையில் மீண்டும் முளைத்துவிடும். நம் செம்மண்ணில் சத்தும் ஈரம் தாங்கும் திறனும் குறைவு. மக்கிய சாணமும் இலைமட்கும் தாராளமாகக் கலக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாவட்டம் நம்முடையது. ஆதலால் பாத்தி தரையைவிட ஒரு சாண் உயர்ந்திருப்பது நல்லது.

முதல் பயிராகச் சிறுகீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை ஆகியவற்றை விதைக்கலாம். மூன்று நான்கு வாரத்தில் பலன் கிடைத்தால் வீட்டாருக்கு நம்பிக்கை பிறக்கும். ஆடிப்பட்டத்தில் கத்தரி, வெண்டை, கொத்தவரை, அவரை போடலாம். கத்தரிக்கும் பலாவுக்கும் நம் மாவட்டத்துப் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்கள் உள்ளன. முருங்கைக் கொம்பை வேலியோரம் நடலாம். பலா, மா நடுவதாயின் சுவரையும் கழிவுநீர்க் குழாயையும் விட்டுத் தள்ளி நட வேண்டும்.

முகப்பின் அழகைக் காக்க எளிய வழி உண்டு. பாத்தியின் விளிம்பில் செங்கல்லைச் சாய்த்துப் பதித்து, ஓரத்தில் புதினாவும் துளசியும் செவ்வந்தியும் நட்டு, நடுவில் சிவப்புத் தண்டுக்கீரையும் கத்தரியும் வைத்துப் பாருங்கள். எந்தப் புல்வெளிக்கும் அது அழகில் குறைந்ததாகத் தோன்றாது. பாம்பு வரும் என்று அஞ்சுவோர், குப்பையும் விறகும் செங்கல் குவியலும் சேராமல் பார்த்துக்கொண்டால் அச்சம் பெரிதும் குறையும்.

வுளூச் செய்த நீரை வீணாக்க வேண்டாம். அந்நீரால் மீண்டும் வுளூச் செய்ய இயலாதே தவிர, அது அசுத்தமன்று. செடிக்குத் தாராளமாக ஊற்றலாம். வீட்டிலும் பள்ளிவாசலிலும் வுளூ நீர் சாக்கடைக்குப் போகாமல் பாத்திக்குப் போகும்படி ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிடுவது எளிது. அரிசி, காய்கறி கழுவிய நீரும் அவ்வாறே. அனல்மின் நிலையங்கள் உள்ள ஊர் என்பதால் கீரையை இரண்டு மூன்று நீரில் அலசிச் சமைப்பது நலம்.

விளைந்ததில் அண்டை வீட்டாருக்கு ஒரு பங்கு கொடுங்கள். குழம்பில் நீரைக் கூட்டியாவது அண்டை வீட்டாருக்குக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அண்டை வீட்டார் எந்தச் சமயத்தவர் ஆனாலும், மதிலுக்கு மேலாக நீட்டப்படும் ஒரு கட்டுக் கீரைக்கு ஈடான நல்லுறவு வேறு எதனாலும் எளிதில் வாய்ப்பதில்லை.

கூடிச் செய்யலாம்

ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள் அடிமைத்தளையிலிருந்து விடுபட முந்நூறு பேரீச்சங்கன்றுகள் நட்டுத் தர வேண்டும் என்று அவருடைய எசமானர் நிபந்தனை விதித்தார். நபித்தோழர்கள் முப்பது, இருபது, பதினைந்து, பத்து என்று அவரவர் சக்திக்கேற்பக் கன்றுகளைக் கொண்டுவந்தனர். அண்ணலார் (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தாலேயே அவற்றை நட்டார்கள். ஒரு மனிதரின் விடுதலை ஒரு தோட்டத்தின் வழியாக வந்தது. அந்தத் தோட்டம் பலருடைய கைகளால் எழுந்தது.

நாமும் அவ்வாறு செய்யலாம். ஒரு வீட்டில் கத்தரி நாற்று மிகுதியாக இருக்கும். மற்றொரு வீட்டில் முருங்கைக் கொம்பு இருக்கும். வேறொரு வீட்டில் நாட்டு அவரை விதை இருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வரும்போது ஆளுக்கொன்றாக எடுத்து வந்தால், ஆடிப்பட்டத்துக்குள் நம் ஜமாஅத்தின் ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் ஒரு பாத்தி எழும், இன்ஷா அல்லாஹ். மக்தப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு செடி பொறுப்புக் கொடுத்தால், நடுவதன் சிறப்பை அவர்கள் கிதாபில் மட்டுமன்றிக் கையாலும் கற்பார்கள்.

சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியேறும் நாள் எல்லோருக்கும் வரும், குவார்ட்டர்ஸிலிருந்தும், இவ்வுலகிலிருந்தும். நமக்குப் பின் அந்த வாசலில் நுழைபவர் உண்ண ஏதேனும் நின்றுகொண்டிருக்கட்டும். வல்ல அல்லாஹ் நம் கரங்களின் உழைப்பில் பரக்கத் செய்து, நட்டுச் சென்றோர் யாவருக்கும் நற்கூலி வழங்குவானாக. ஆமீன்.